இரட்டை முடி நாய்களுக்குச் சீப்பும் பிரஷ்ஷும்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை ஆகிய இடங்களில் ஆலைக் காவலுக்கு நாய் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டையோ லாப்ரடாரையோதான் தேடுகிறார்கள். குடியிருப்புகளில் பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளை ஸ்பிட்ஸ் நாயைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அண்மைக் காலமாகக் கோல்டன் ரெட்ரீவரும் ஹஸ்கியும் சேர்ந்திருக்கின்றன. இந்த ஐந்து இனங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஐந்துமே இரண்டு அடுக்கு முடி கொண்டவை. ஆனால் வாங்குபவர்களில் பலர் நாயோடு சேர்த்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஏதோ ஒரு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அது மேல்முடியை மட்டும் தடவிவிட்டுப் போகும். உள்ளே இருக்கும் முடியைத் தொடவே தொடாது.

எந்த நாய்க்கு எந்தக் கருவி, கடையில் அதை எப்படிச் சோதிப்பது, எதைக் காசு கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

உங்கள் நாய்க்கு இரட்டை முடியா?

நாயின் பின்தொடையிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ முடியை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். வெளியே நீளமாக, சற்று முரட்டுத்தனமாக இருப்பது மேல்முடி. மழைநீரையும் வெயிலையும் தடுப்பது அதன் வேலை. அதற்கு அடியில், தோலை ஒட்டி, நிறம் சற்று வெளுத்து, பஞ்சுபோல் அடர்ந்திருந்தால் அது உள்முடி. இரண்டும் இருந்தால் இரட்டை முடி நாய்.

முடியின் நீளத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். லாப்ரடார், பீகிள், ராட்வைலர் மூன்றுக்கும் குட்டை முடிதான். ஆனாலும் மூன்றும் இரட்டை முடி நாய்களே. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த இனங்கள். அவற்றுக்கு உடலோடு ஒட்டிய குட்டை முடி. ரப்பர் பிரஷ்ஷும் ஈரத் துணியும் போதும். இந்த அத்தியாயத்தில் வரும் இரும்புக் கருவிகள் அவற்றுக்கு வேண்டாம்.

வெயிலும் ஈரமும் செய்யும் வேலை

நாய்க்கு முடி உதிர்வதைப் பகல் நேரத்தின் நீளமே பெரும்பாலும் தூண்டுகிறது. குளிர் நாடுகளில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதால், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் உள்முடி கொத்துக் கொத்தாகக் கழன்று விழும். திருவள்ளூர் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். அதனால் இங்குள்ள நாய்க்கு ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக முடி கொட்டிக்கொண்டே இருக்கும். இடையில் சில வாரங்கள் மட்டும் அதிகமாகக் கொட்டும்.

கழன்ற உள்முடி எல்லாம் தரையில் விழுவதில்லை. பாதி மேல்முடிக்கு அடியில் சிக்கி நிற்கும். அது தோலுக்குக் காற்றுப் போவதை அடைத்துவிடும். நாய் முக்கியமாக மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது; வியர்வை பாதங்களில்தான் சுரக்கும். அப்படிப்பட்ட உடலின் மேல் உதிர்ந்த முடி மெத்தையாகக் கிடந்தால், அக்னி நட்சத்திர வெயிலில் அதற்கு மூச்சு வாங்குவதில் வியப்பில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் தொல்லை வேறு விதமாக வரும். நனைந்த உள்முடி எளிதில் காயாது. வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியும் பக்கத்தில் இருப்பதால் காற்றிலும் ஈரம். தோல் நாள் முழுக்க நசநசவென்று இருக்க, பூஞ்சையும் சீழ்ப்புண்ணும் அங்கிருந்து தொடங்கும். உண்ணியும் அந்த அடர்த்திக்குள்தான் ஒளிந்துகொள்ளும். நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு நிற உண்ணி எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளைக் கடத்துகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது இவற்றால் வருவது. ஆகவே முடி வாருவது அழகுக்காகச் செய்யும் வேலை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தோலைக் கண்ணால் பார்க்கவும் கையால் தொட்டு அறியவும் கிடைக்கும் வாய்ப்பு அது.

மொட்டை அடிக்கலாமா?

கோடை வந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இரட்டை முடி நாய்க்கு மொட்டை வேண்டாம். மேல்முடி போனால் வெயில் நேராகத் தோலில் விழும். கொசுவுக்கும் ஈக்கும் தடை இருக்காது. மழித்த இடத்தில் உள்முடி முந்திக்கொண்டு வளர்ந்து, மேல்முடி திட்டுத் திட்டாக வருவதுண்டு. ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி போன்ற அடர்முடி இனங்களில் மழித்த இடத்தில் முடி பல மாதங்கள் வராமலே போவதும் உண்டு. அறுவைச் சிகிச்சை, தோல் சிகிச்சை, பிரிக்கவே முடியாத சடை ஆகிய காரணங்களுக்காக மருத்துவர் மழிக்கச் சொன்னால் மட்டும் மழியுங்கள். மற்றபடி கோடைக்கு வேண்டியது உதிர்ந்த உள்முடியை வெளியே எடுக்கும் கருவியும், நிழலும், தண்ணீரும்தான்.

கருவிகள் ஒவ்வொன்றாக

*எஃகுச் சீப்பு.* முதலில் வாங்க வேண்டியது இதுதான். ஒரு பாதியில் பற்கள் அகலமாகவும் மறுபாதியில் நெருக்கமாகவும் இருக்கும் சீப்பைக் கேளுங்கள். வேறு எந்தக் கருவியால் வாரினாலும், வேலை முடிந்ததா என்று சொல்வது சீப்பே. அகலப் பல் தோல் வரை இறங்கித் தடையில்லாமல் வெளியே வந்தால் அந்த இடம் முடிந்தது. நடுவில் நின்றால் அங்கே சிக்கு இருக்கிறது.

*ஸ்லிக்கர் பிரஷ்.* தட்டையான பலகையில் நுனி வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும். உதிர்ந்த முடியை அள்ளவும் சிறு சிக்கைப் பிரிக்கவும் உதவும். நீள முடி நாய்களுக்கு இது அவசியம். கம்பிகள் பதிந்திருக்கும் அடித்தளம் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். கல்லுப் போல் இறுகியிருந்தால் தோலில் கோடு போடும்.

*உள்முடி வாரி.* கடைகளில் அண்டர்கோட் ரேக் என்று கேளுங்கள். ஒரு வரிசை அல்லது இரு வரிசையில் தடித்த பற்கள், இடைவெளி விட்டு இருக்கும். மேல்முடியை விட்டுவிட்டு, கழன்ற உள்முடியை மட்டும் இழுத்து வரும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் ஹஸ்கிக்கும் இதற்கு இணையான கருவி இல்லை. பற்கள் தாமாகச் சுழலும் வகையும் உண்டு. முடியைப் பிய்க்காமல் நகரும் என்பதால் கூச்சமுள்ள நாய்க்கு அது நல்லது.

*முடி உதிர்ப்பு பிளேடு.* ஃபர்மினேட்டர் என்ற அமெரிக்கப் பிராண்டால் பெயர் பெற்றது. நெருக்கமான பற்கள் கொண்ட உலோகப் பட்டை, கைப்பிடியில் பொருத்தப்பட்டிருக்கும். குட்டை முடி, நீள முடி என இரண்டு வகையாக வரும். 5 சென்டிமீட்டரை எல்லையாகக் கொள்கிறார்கள். மிக வேகமாக முடியை எடுக்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் நல்ல மேல்முடியும் அறுந்துவிடும், தோல் சிவக்கும். வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம் போதும். ஈர முடியிலும் சிக்குள்ள இடத்திலும் வைக்கவே கூடாது. இதே தோற்றத்தில் விலை குறைந்த போலிகள் நிறைய வருகின்றன. பற்களின் ஓரத்தில் பிசிர் இருந்தால் அது பிளேடு இல்லை, ரம்பம்.

*ரப்பர் பிரஷ்.* மிருதுவான ரப்பரில் கட்டைக் கட்டையாகப் பற்கள் இருக்கும். லாப்ரடார், பீகிள், ராட்வைலருக்கு அன்றாட வேலைக்கு இதுவே சிறந்தது. குளிக்கும்போது ஷாம்பூவைத் தோல் வரை தேய்க்கவும் உதவும். குட்டி நாயை வாருவதற்குப் பழக்க இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*பின் பிரஷ், நார் பிரஷ்.* கடைசியில் பளபளப்புக் கொடுக்க உதவும். உள்முடிக்கு எட்டாது. பணம் மிஞ்சினால் வாங்கலாம்.

*சிக்கு அறுப்பான்.* வளைந்த கத்திகள் கொண்ட சீப்பு. இறுகிய சடையை நீளவாக்கில் கீறிப் பிரிக்கும். பழகாத கைக்குத் தோலைக் கிழிக்கும் ஆபத்து உண்டு. ஸ்பிட்ஸ், கோல்டன் வளர்ப்பவர்கள் மட்டும், பழகியவர் ஒருவர் செய்வதைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

*ஈர்வலி.* நம் வீடுகளில் பேனுக்கு வைத்திருக்கும் அதே வகைச் சீப்புதான், நாய்க்கென்று தனியாக ஒன்று வேண்டும். தெள்ளுப்பூச்சியையும் அதன் கரும்பொடிக் கழிவையும் காட்டிக் கொடுக்கும். இத்துடன் நுனி கூர்மையான சிறு இடுக்கி ஒன்று. உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். விரலால் நசுக்க வேண்டாம்.

*ப்ளோயர்.* நாய்க்கென்றே செய்யப்பட்ட, சூடில்லாமல் வேகமாகக் காற்று வீசும் கருவி. இரண்டு மூன்று பெரிய நாய்கள் இருக்கும் இடத்தில் மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். உள்முடி தோல் வரை காய்ந்துவிடும், கழன்ற முடியும் பறந்துவிடும். சத்தத்துக்கு நாயை மெல்லப் பழக்குங்கள். மனிதர்களின் ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்து அடிக்காதீர்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

முதல் சோதனை உங்கள் முன்கையில். சீப்பையோ ஸ்லிக்கரையோ வாரியையோ முன்கையின் உட்புறத்தில், நாய்க்கு வாரும் அதே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். எரிச்சலோ சிவந்த கோடோ வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். உங்களுக்கு வலிப்பது நாய்க்கும் வலிக்கும்.

இரண்டாவது, பல்லின் நீளம். கடைக்குப் போகும் முன் நாயின் பின்தொடையில் முடியை விலக்கி, தோலிலிருந்து முடிப் பரப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாரியின் பல் அந்த ஆழத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் உள்முடியை எட்டாது. மிக நீளமாக இருந்தால் தோலைக் கீறும். பாக்கெட்டில் அச்சிட்ட நாய்ப் படத்தைவிட இந்த அளவு நம்பகமானது.

மூன்றாவது, உலோகம். எஃகு உருட்டாலைகளில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த பகுதி இது. கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டமான சரக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சீப்புக்கு இந்தக் கணக்கு முழுமையாகச் செல்லாது. 304 வகைத் துருவேறா எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் கத்திக்கும் கத்தரிக்கும் பயன்படும் 420 வகையில் ஒட்டும். இரண்டுமே துருவேறா எஃகுதான். ஏமாற்று எங்கே என்றால், சாதாரண இரும்பில் குரோம் முலாம் பூசிய சீப்பில். கடற்காற்றின் உப்பில் அந்த முலாம் பல்லின் அடியில், கைப்பிடியோடு சேரும் இடத்தில்தான் முதலில் உரியும். துருப்பிடித்த பல் முடியை அறுக்கும், தோலைக் கீறும். அந்த இணைப்பை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். புள்ளி, நிற மாற்றம், கொப்புளம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

நான்காவது, பல்லின் நுனி. விரல் நுனியால் வருடினால் உருண்டையாகத் தெரிய வேண்டும். நுனியில் பிளாஸ்டிக் உருண்டை ஒட்டிய மலிவு பிரஷ்களில் அந்த உருண்டை சில வாரத்தில் கழன்றுவிடும், மிஞ்சுவது ஊசி. நகத்தால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஐந்தாவது, கைப்பிடி. ஈரக் கையில் வழுக்கக் கூடாது. மரக் கைப்பிடி இந்த ஊர் ஈரத்தில் உப்பும், வெடிக்கும். ரப்பர் பூசிய பிளாஸ்டிக் நன்றாக உழைக்கும்.

எந்த நாய்க்கு எது?

லாப்ரடார், பீகிள், ராட்வைலர்: ரப்பர் பிரஷ், எஃகுச் சீப்பு. அதிகமாக முடி கொட்டும் வாரங்களில் மட்டும் குட்டை முடி வகை உதிர்ப்பு பிளேடு. வாரம் இரண்டு முறை வாரினால் போதும்.

ஜெர்மன் ஷெப்பர்டு: உள்முடி வாரி, எஃகுச் சீப்பு. நீள முடி வகையாக இருந்தால் ஸ்லிக்கரும். வாரம் மூன்று முறை.

ஸ்பிட்ஸ், பொமரேனியன்: மிருதுவான ஸ்லிக்கர், எஃகுச் சீப்பு. இவற்றின் மேல்முடி மெலிது. உதிர்ப்பு பிளேடு வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

கோல்டன் ரெட்ரீவர்: ஸ்லிக்கர், வாரி, சீப்பு மூன்றும். காதுக்குப் பின்னாலும் பின்தொடையிலும் வாலிலும் சிக்கு விழும். அங்கே தினமும் சீப்பு ஓட வேண்டும்.

ஹஸ்கி: நீளப் பல் வாரி, ஸ்லிக்கர், சீப்பு, முடிந்தால் ப்ளோயர். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்குள்ள தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட், செயின்ட் பெர்னார்டு முதலிய இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்வதை ஏற்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஹஸ்கியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்க நினைத்தால், எந்தக் கருவியும் அதற்கு இந்த ஊர்க் கோடையைக் குளிராக்கித் தராது என்பதை எண்ணி அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

ஆலை வளாகத்து நாய்க்குத் தனிக் கவனம்

பட்டறை, கிடங்கு, லாரி நிறுத்துமிடம் ஆகியவற்றில் சுற்றும் நாயின் முடியில் வீட்டு நாய்க்கு இல்லாத அழுக்குகள் சேரும். முதலாவது கடைசல் சுருளும் இரும்புப் பிசிரும். வாரியை எடுக்கும் முன் கையுறை போட்டுக்கொண்டு, வயிறு, மார்பு, தொடை, விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்த்து அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பார்க்காமல் வாரினால், பற்களில் மாட்டிய சுருள் தோல் நெடுகக் கோடு கிழித்துக்கொண்டு வரும்.

இரண்டாவது கிரீஸும் எண்ணெயும். மண்ணெண்ணெய், டீசல், தின்னர் எதையும் நாயின் மேல் தடவாதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம். கறை மேல் சோள மாவைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சிய பின் அகலப் பல் சீப்பால் வாரி, பிறகு நாய் ஷாம்பூவால் கழுவுங்கள். மனிதர்களின் ஷாம்பூ நாயின் தோலுக்கு ஒத்துவராது. நம் தோல் அமிலத் தன்மை உடையது, நாயின் தோல் ஏறத்தாழ நடுநிலையானது.

மூன்றாவது தூசி. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். எண்ணெய் தடவிய முடியில் தூசி அப்பிக்கொள்ளும், அதை நாய் நக்கித் தின்னும்.

நான்காவது ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. குளிப்பாட்டிய நாயைக் காயவைக்கக் கம்ப்ரெஸர் காற்றுத் துப்பாக்கியைத் திருப்பாதீர்கள். பட்டறைக் கம்ப்ரெஸர் 6 முதல் 8 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. அது கண்ணையும் செவிப்பறையையும் கெடுக்கும். சிறு புண் இருந்தாலும் அதன் வழியே காற்றுத் தோலுக்கு அடியில் ஏறிவிடும்.

வளாகத்தில் பல நாய்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சீப்பு வையுங்கள். படர்தாமரையும் சொறியும் சீப்பு வழியாகப் பரவும். படர்தாமரை வாட்ச்மேனின் கைக்கும் வரும். வாரி முடித்ததும் சீப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வெயிலில் காய வையுங்கள்.

வாரும் முறை

வெயில் ஏறும் முன், காலையில் வாருங்கள். முடி உலர்ந்திருக்க வேண்டும். பின்காலின் கீழிருந்து தொடங்குங்கள். இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். வகிட்டுக்குக் கீழே உள்ள முடியைத் தோலிலிருந்து வெளிப்புறமாக வாருங்கள். பிறகு ஒரு விரல்கடை மேலே அடுத்த வகிடு. இப்படி முதுகு வரை ஏறினால் விட்டுப்போன இடம் இருக்காது. கையை அழுத்தாதீர்கள், மணிக்கட்டு மட்டும் அசையட்டும்.

சிக்கு இருந்தால் குளிப்பாட்டும் முன்பே பிரித்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் அது இன்னும் இறுகும். சோள மாவு தடவி, சிக்கின் அடியில் முடியை விரலால் இறுக்கிப் பிடித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். கத்தரிக்கோலைத் தோலருகே கொண்டுபோக வேண்டாம். சடையோடு தோலும் மேலே எழுந்திருக்கும், வெட்டிய பிறகுதான் தெரியும்.

வட்டமாக முடி கொட்டிய இடம், ஈரப் புண், துர்நாற்றம், சிவந்த பருக்கள், கூட்டமாக உண்ணிகள் ஆகியவற்றைப் பார்த்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். நாள்பட்ட தோல் நோய்க்கு, 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து அதிகத் தூரமில்லை.

கடைசியாக ஒன்று. பத்துக் கருவி கொண்ட மலிவுப் பெட்டியை வாங்காதீர்கள். உங்கள் நாயின் முடியாழத்தை அளந்து, நல்ல துருவேறா எஃகுச் சீப்பு ஒன்றும், அந்த இனத்துக்குரிய வாரியோ ஸ்லிக்கரோ ரப்பர் பிரஷ்ஷோ ஒன்றும் வாங்குங்கள். அந்த இரண்டும் வாரந்தவறாமல் உங்கள் கையில் இருந்தால், இந்த வெயிலையும் மழையையும் உங்கள் நாயின் தோல் தாங்கிக்கொள்ளும்.